வீடு மாறுவோரும் விலாசமும்



வீடு மாறும் ஒருவர் அம்மியையும் உரலையும் மறவாமல் வண்டியில் ஏற்றுகின்றார். சுவாமி படத்தைத் தம் கையிலேயே கொண்டு செல்கின்றார். நல்ல நேரம் பார்த்துப் புது வீட்டிற் பால் காய்ச்சுகின்றார். ஆயினும் ஒன்றைப் பழைய வீட்டிலேயே விட்டு வந்துவிடுகின்றார். அதுதான் அவருடைய விலாசம். அவரைத் தேடி வருவோரும் அவருக்கென வரும் கடிதங்களும் பல காலத்துக்குப் பழைய படலையைத்தான் தட்டிக்கொண்டிருப்பர். இந்தச் சிறிய மறதிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

விலாசத்தை முகவரி என்றும் சொல்கின்றோம். கடிதத்தின் முகத்தில் எழுதப்படும் வரி என அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். பழங்காலத்தில் அந்த வரியில் ஆளின் பெயரும் ஊரின் பெயருமே போதியனவாக இருந்தன. ஓலை கொண்டு செல்பவன் ஊருக்குட் புகுந்து, இன்னார் வீடு எது என்று வினவினால் எவரும் காட்டிவிடுவர். வீட்டுக்கு இலக்கம் என்று ஒன்று வேண்டியிருக்கவில்லை.

வீடுகளுக்கு இலக்கமிட்டவர் தபாற்காரர் என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அதிற் பெரும்பங்கு கொண்டவர்கள் அரசர்களே. 1770 ஆம் ஆண்டில் ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா, படைக்கு ஆட்சேர்க்கும் பொருட்டு வீடுகளுக்கு இலக்கமிடச் செய்தார். 1805 இல் நெப்போலியனின் ஆட்சியில் பாரிஸ் நகரத் தெருக்களில் ஒருபுறம் ஒற்றையெண்களும் மறுபுறம் இரட்டையெண்களுமாக இலக்கமிடும் முறை வந்தது. குடிமகன் எங்கே இருக்கின்றான் என்பதை அரசு அறிய விரும்பியதால் வந்த இலக்கத்தைப் பின்னர் தபாற் பகுதி நன்கு பயன்படுத்திக்கொண்டது.

அக்காலத்தில் இடம் மாறியவனுக்குக் கடிதம் ஒரு செலவாகவும் இருந்தது. பிரித்தானியாவில் 1840 இற்கு முன்னர், கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்தினார். கட்டணமும் தூரத்துக்கேற்ப ஏறியது. உறவினர் எழுதிய கடிதத்தை ஏழைகள் பணமின்றித் திருப்பி அனுப்பியதுண்டு. ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் 1840 இல் ஒரு பென்னி முத்திரை வந்தபோது, அனுப்புபவரே முற்பணம் செலுத்தும் வழக்கம் ஓங்கியது. பின்னர் 1874 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 9 ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் பல நாடுகள் கூடித் தபால் உடன்படிக்கை ஒன்று செய்தன. அதில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. இடம் மாறிய ஒருவருக்குக் கடிதத்தை மறுபடி வழிமாற்றி அனுப்புவதற்கு, ஒன்றியத்தின் எல்லைக்குள்ளே மேலதிகக் கட்டணம் அறவிடலாகாது என்பதே அது. வீடு மாறுதல் குற்றமன்று. அதற்குத் தண்டமும் இல்லை என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டதாகவே இதனை நான் கருதுகின்றேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அலுவலகத்தைக் கந்தோர் என்று நாம் அழைப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். தபாற் கந்தோர் என்ற பெயரிலே அவர்களுடைய சுவடு இன்றும் இருக்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1832 இற் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1857 இல் இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. 1872 இல் தபாலட்டை வந்தது. 1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை சென்றது.

இவற்றோடு நம்மவரிடையே ஒரு புதிய மனிதர் தோன்றினார். அவர்தான் இடமாற்றம் பெறும் உத்தியோகத்தர். இன்று அநுராதபுரம், நாளை பதுளை, மறுவருடம் காலி என்று எழுதுவினைஞரும் புகையிரத நிலைய அதிபரும் ஆசிரியரும் பெட்டி சுமந்து திரிந்தனர். புது ஊரிற் கால் வைத்த அன்றே, 'இன்று தொடக்கம் என் விலாசம் இது' என்று நான்கைந்து தபாலட்டை எழுதிப் பெட்டியிற் போடுவது அவர்களுட் கவனமுள்ளோர் கைக்கொண்ட நல்வழக்கம். உறையிட வேண்டியதில்லை, செலவும் சொற்பம்.

ஆனால் எல்லாருக்கும் அத்தகைய விலாசம் வாய்த்ததில்லை. மலையகத் தோட்டங்களில் லயன் அறைகளில் வாழ்ந்த மக்களுக்குத் தனி வீட்டிலக்கம் நெடுங்காலம் இருக்கவில்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கை மாறிப் போய்ச் சேரவேண்டியிருந்தது. இடையிலே தவறினால் நேர்முகப் பரீட்சையும் தவறும், உத்தியோகமும் தவறும். தன் பெயருக்குத் தன் வாசலிலே கடிதம் வருவது ஓர் உரிமை என்பதை அம்மக்களின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

விலாசத்தோடு உரிமை பிணைந்திருக்கும் மற்றோர் இடம் வாக்காளர் இடாப்பு. 1931 இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை வந்தது முதல், ஒருவருடைய வாக்கு அவர் வதியும் இடத்தோடு கட்டுண்டது. 1990 ஆம் ஆண்டு ஒக்தோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தில் வந்து தங்கினர். அவர்கள் முன் ஒரு கொடிய வினா நின்றது. புத்தளத்து விலாசத்தை எழுதினாற் பிறந்த மண்ணின் உரிமை கைநழுவுமோ? பிறந்த மண்ணின் விலாசத்தை எழுதினால் வாழும் இடத்தில் உதவிகள் கிடையாமற் போகுமோ? போரினால் இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்து இடாப்பிற் பதிவு பெற வழிசெய்யும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 2013 இலேதான் இயற்றப்பட்டது. விலாசத்தை மாற்றுவது எளிய கருமம் என்று நாம் சொல்கின்றோம். விரும்பி வீடு மாறுவோருக்கே அது எளிது.

இதனை நான் ஏட்டிற் படித்து அறியவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்தோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது நானும் அந்தச் சனத்திரளில் ஒருவனாக நடந்தேன். பின்னாளில் அதிபரான பிறகு, அந்தக் காலத்துச் சேர்விடாப்பு ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே பிள்ளையின் பெயருக்கு நேரே மூன்று விலாசங்கள் எழுதி, இரண்டு வெட்டப்பட்டிருந்தன. ஒரு பிள்ளைக்கு 'கோயில் மண்டபம்' என்று மாத்திரமே இருந்தது. எழுதிய ஆசிரியர் யாரோ, நான் அறியேன். ஆனால் அத்தனை அல்லலுக்கிடையிலும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் பதிந்து வைத்திருந்தார். அப்பிள்ளைகளிற் சிலர் பிற்காலத்திற் பிறந்த திகதிக்கும் படிப்புக்கும் சான்று தேடி வந்தபோது அந்த வெட்டுக்களும் திருத்தங்களுமே அவர்களுக்குத் துணை நின்றன.

ஜெனீவா நகரில் 1914 ஆம் ஆண்டு செஞ்சிலுவைச் சங்கம் அமைத்த போர்க்கைதிகள் நிலையத்தை இங்கே நினைக்கின்றேன். முதலாம் உலகப் போரில் விலாசம் இழந்த கைதிகளுக்காக அங்கே ஏறக்குறைய 70 இலட்சம் அட்டைகள் எழுதப்பட்டன. மகன் எங்கே என்று வினவிய தாய்க்கு விடை கூறுவதற்காகவே அத்தனை எழுத்தும். நம் பாடசாலை ஆசிரியர் செய்ததும் அதே தொண்டுதான்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். 1998 இல் எனக்கு வவுனியா மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. கந்தோர்களுக்கெல்லாம் புது விலாசத்தை அறிவித்தேன், சம்பளம் தவறக்கூடாதல்லவா! எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியருக்கு மாத்திரம் 'ஆறுதலாக எழுதுவோம்' என்று இருந்துவிட்டேன். மாதங்கள் பல கழிந்து ஓர் உறை வந்தது. அதன் முகத்தில் மூன்று விலாசங்கள் வெட்டப்பட்டு, நான்காவதாக என் புது இடம் வேறொரு கையெழுத்தில் இருந்தது. முகமறியாத தபாற்காரர்கள் கேட்டுக் கேட்டு அனுப்பியிருக்கின்றனர். உள்ளே ஆசிரியர், தம் நூல்களை எனக்குத் தர விரும்புவதாகவும் விரைவில் வந்து எடுத்துச் செல்லுமாறும் எழுதியிருந்தார். கடிதம் என் கைக்கு வந்தபோது அவர் காலமாகி ஏழு கிழமைகள் ஆகியிருந்தன. நூல்களும் பலர் கையிற் சிதறிவிட்டன. நூல்கள் போனது பெரிதன்று. நான் பதில் எழுதவில்லை என்ற எண்ணத்தோடு அவர் கண்மூடியிருப்பார் என்பதே இன்றும் என்னை வருத்துகின்றது.

ஆகவே நேயர்களே, வீடு மாறும்போது கந்தோர்களுக்கு மாத்திரம் அறிவித்து அமையாதீர்கள். பழைய தபாற் கந்தோருக்கும், புது இடத்துக் கிராம அலுவலருக்கும், வங்கிக்கும், பிள்ளையின் பாடசாலைக்கும் அறிவியுங்கள். ஆளடையாள அட்டையையும் வாக்காளர் பதிவையும் திருத்திக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கம் மாறினும் இவ்வாறே செய்க. பின்பு ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு அறிவித்தல் அனுப்பும் கடமை இல்லாதவர்களின் பெயர்களை எழுதுங்கள். முதிய உறவினர், பழைய அயலவர், கற்பித்த ஆசிரியர், தூரதேசத்து நண்பர் ஆகியோர் அதில் இருப்பர். கந்தோர்கள் உங்களை எப்படியும் தேடிக் கண்டுபிடிக்கும். இவர்களோ இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு மௌனமாகிவிடுவர்.

பால் காய்ச்சிய அன்றே அவர்களுக்கும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.