கசப்பும் கணக்கும்: பினாங்கு மூலிகை ஆய்வுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

நிலவேம்பின் ஓர் இலையை முன்பல்லால் கடித்தாலே போதும். கசப்பு அடிநாக்கு வரை இறங்கி, இரண்டு குவளைத் தண்ணீர் குடித்த பிறகும் விடாது. தமிழர் இச்செடியைத் தரையில் வளரும் வேம்பு என்றனர். மலாய்க்காரர் 'ஹெம்பெடு பூமி', அதாவது நிலத்தின் பித்தம் என்றனர். சீன மருந்துக்கடையில் இதன் பெயர் 'சுவான் சின் லியான்'. நெஞ்சைத் துளைக்கும் தாமரை என்று பொருள்.

பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள சிம்பாங் அம்பாட் போன்ற ஊரில் இந்த மூன்று பெயர்களும் ஒரே தெருவில் புழங்கக்கூடியவை. இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் அழைத்துவரப்பட்ட தமிழர்கள், தங்கள் கைவைத்தியத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். கீழாநெல்லி, வல்லாரை, நிலவேம்பு ஆகியவை இங்கே வேறு பெயர்களில் வழங்கின; பூனைமீசை போன்றவற்றை அவர்கள் மலாய் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டார்கள். இன்று நான்காவதாக ஒரு மொழியும் சேர்ந்திருக்கிறது. "ஆன்டிஆக்சிடென்ட் நிறைந்தது", "அழற்சியைத் தணிப்பது" என்று தேநீர்ப் பொட்டலங்களிலும் மாத்திரைப் புட்டிகளிலும் அச்சாகும் மொழி அது. ஆய்விதழ்களில் பிறந்து கடைத்தெருவுக்கு வந்த அந்த மொழியைத்தான் இக்கட்டுரை விசாரிக்கிறது.

என் வாதம் இது. ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்னும் எண், நம் மூலிகைகளுக்காகக் காட்டப்படும் சான்றுகளில் மிகவும் பலவீனமானது. அழற்சித் தடுப்புக்கோ சில செடிகளில் வலுவான சான்று உண்டு. ஆனால் இரண்டையுமே மனித உடலுக்குக் கொண்டுவர வேண்டுமானால், எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிப் பக்குவம் செய்தது, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று வைத்திய மரபு கேட்டுவந்த கேள்விகளை ஆய்வுக்கூடமும் கேட்டாக வேண்டும்.

ஊதா மஞ்சளாவது எதைக் காட்டுகிறது?

மூலிகை ஆய்வுகளில் அதிகம் கையாளப்படும் சோதனை டிபிபிஎச். மெத்தனாலில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் தரும் ஒரு வேதிப்பொருள் அது. அதில் இலைச்சாற்றைச் சேர்த்ததும் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் அந்த நிறமாற்றத்தை அளந்து விழுக்காடாகச் சொல்வார்கள். செலவு குறைவு, நேரமும் குறைவு. முதுகலை மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் பத்துச் செடிகளைச் சோதித்துவிடலாம். ஆனால் டிபிபிஎச் நம் உடலில் எங்கும் இல்லாத பொருள். மெத்தனாலும் நம் குருதியில் ஓடுவதில்லை.

குருதியில் இயல்பாகவே வைட்டமின் சி லிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோமோல் இருக்கிறது. யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோல் வரை. தாவர உணவிலிருந்து வரும் ஃபிளேவனாய்டுகளோ குடலும் ஈரலும் உருமாற்றிய பிறகு பெரும்பாலும் 1 மைக்ரோமோலை எட்டுவதில்லை. நிறைந்த குளத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டு, குளத்தை நிரப்பியது நாங்கள்தான் என்று சொல்ல முடியுமா? அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை ஓஆர்ஏசி என்ற அளவில் பட்டியலிட்டு வெளியிட்டிருந்தது. அந்த எண்கள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்றும், வணிக நிறுவனங்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்றும் கூறி, 2012இல் அத்துறையே பட்டியலைத் திரும்பப் பெற்றது.

ஆக்சிஜனேற்றத்தை முற்றாக அடக்குவது நல்லது என்பதும் சரியன்று. நம் வெள்ளணுக்கள் வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகளை வீசித்தான் கிருமிகளைக் கொல்கின்றன. அவற்றை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்றுக்கு ஆளாகிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பீட்டா கரோட்டின் நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. நிறமாற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் யாரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் செடிகள் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கின்றன; வேறு வழியில் செய்கின்றன. பல தாவரப் பொருள்கள் உயிரணுவுக்குச் சிறு தொல்லை தருகின்றன. அந்தத் தொல்லையால் கீப்1 என்னும் புரதத்தின் பிடி தளர்கிறது; அது பிடித்துவைத்திருந்த என்ஆர்எஃப்2 என்னும் புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் போய், உயிரணு தன் சொந்தக் காப்பு நொதிகளை உண்டாக்கும்படி உசுப்புகிறது. மூலிகை இங்கே காவலாளியாக வருவதில்லை. கதவைத் தட்டி வீட்டாரை எழுப்பிவிடுகிறது. இந்த வேலையை டிபிபிஎச் எண் அளப்பதே இல்லை.

பூனைமீசை: எலியின் அளவும் மனிதரின் அளவும்

வெள்ளைப் பூவிலிருந்து நீண்டு நிற்கும் மகரந்தக் கம்பிகளால் பெயர் பெற்ற பூனைமீசை, மலாயில் 'மிசாய் கூச்சிங்'. சிறுநீர்க் கல்லுக்கும் நீர்க்கட்டுக்கும் இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது இங்குள்ள வழக்கம். பினாங்குத் தீவில் 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் ஆய்வாளர்கள் இச்செடியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியாவின் பல இடங்களில் சேகரித்த இலைகளில் ரோஸ்மரினிக் அமிலம், சைனென்செட்டின், யூபடோரின் ஆகியவற்றின் அளவு இடத்துக்கு இடம் மாறுபடுவதை அவர்கள் 2004இல் வெளியிட்டார்கள். அக்கட்டுரையின் உண்மையான பயன் இந்த மாறுபாட்டைச் சொன்னதில்தான் இருக்கிறது. "பூனைமீசை நல்லது" என்ற வாக்கியத்தில் எந்த ஊர்ப் பூனைமீசை என்ற சொல் விடுபட்டிருக்கிறது.

2008இல் வெளியான மற்றோர் ஆய்வு அழற்சியைப் பற்றியது. எலியின் பாதத்தில் கடற்பாசியிலிருந்து எடுத்த காராஜீனனை ஊசியால் ஏற்றினால் பாதம் வீங்கும். முன்கூட்டியே எலியின் எடையில் கிலோவுக்கு 500, 1000 மில்லிகிராம் இலைச்சாறு கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. இது நேர்மையான, பயனுள்ள முடிவு. ஆனால் இதைப் பொட்டலத்தின் மேல் அச்சிடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். எலியின் அளவை மனித அளவாக மாற்ற, உடல் பரப்பை ஒட்டிய வழக்கமான முறையில் 6ஆல் பெருக்கி 37ஆல் வகுக்க வேண்டும். 1000 மில்லிகிராம் சுமார் 162 ஆகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 9.7 கிராம், பாதி அளவுக்கு 4.9 கிராம். இது உலர்த்திய சாற்றின் எடை, இலையின் எடையன்று. ஐரோப்பிய மூலிகை நூல்கள் இவ்விலையை நாளுக்கு 6 முதல் 12 கிராம் வரை கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கின்றன. அவ்வளவு இலையிலிருந்து இறங்கும் சாறு அதன் ஒரு பகுதியே. ஆக, எலியின் வீக்கம் வடிந்த அளவு ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்காது.

மேலும், அந்த வீக்கம் சில மணி நேரத்து வீக்கம். நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் வலியோ ஆண்டுக்கணக்கில் தேய்ந்து வந்தது. இரண்டையும் அழற்சி என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. மரபு இச்செடியைச் சிறுநீர் வழிக்குத்தான் சொல்லியிருந்தது. அந்தத் துல்லியத்தைக் கைவிட்டு எல்லா நோய்க்கும் பொதுவான ஒரு பட்டத்தைச் சூட்டியதால் செடிக்குப் பெருமை கூடவில்லை.

கீழாநெல்லி: எந்தச் செடி?

கீழாநெல்லியின் சிறுகிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். தமிழர் அதைக் கீழே காய்க்கும் நெல்லியாகப் பார்த்தனர். மலாய்க்காரர் 'டூக்கோங் அனாக்' என்று, பிள்ளையைச் சுமக்கும் தாயாகப் பார்த்தனர். காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ் வீடுகளில் பழைய வழக்கம்.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க்கும் உள்ளிட்ட குழு, 'லான்செட்' இதழில் ஒரு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டது. கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்த பிறகு, 37 பேரில் 22 பேரின் குருதியில் அக்கிருமியின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. தமிழ் மருத்துவ உலகம் பூரித்துப் போனது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிட்டவில்லை.

இதிலிருந்து மரபு பொய் என்று சிலரும், மேற்கத்திய சதி என்று சிலரும் முடிவு கட்டினார்கள். இரண்டுமே அவசரம். சிறிய முன்னோட்ட ஆய்வின் முடிவு பெரிய ஆய்வில் நிற்காமல் போவது எல்லா மருந்துக்கும் நேர்வது. அதோடு செடியின் அடையாளச் சிக்கலும் உண்டு. இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்த பெயருக்குள் அமாரஸ், ஃபிரட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று இனங்கள் கலந்திருப்பதை 1985இல் தாவரவியலாளர்கள் காட்டினார்கள். சந்தையில் ஒரே கட்டாக விற்கப்படும் கீரையில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருந்தால், நாட்டுக்கு நாடு ஆய்வாளர்கள் ஒரே மருந்தைத்தான் சோதித்தார்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

நிலவேம்பு: சான்று வலுக்கும் இடம்

நிலவேம்பின் கசப்புக்குப் பெரிதும் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைட் என்ற வேதிப்பொருள். அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதக் கூட்டில் பி50 என்றோர் அங்கம் உண்டு. அதன் 62ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீனோடு ஆண்ட்ரோகிராஃபோலைட் நேரடியாகப் பிணைந்து, அந்த அங்கம் டிஎன்ஏவைப் பற்றவிடாமல் தடுக்கிறது என்று 2004இல் காட்டப்பட்டது. இங்கே பூட்டு எது, சாவி எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. நிறமாற்றச் சோதனைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. மனிதரிடத்திலும் தடயம் உண்டு. சளி, தொண்டை வலி போன்ற சுவாசத் தொற்றுகளில் நிலவேம்பைச் சோதித்த 33 ஆய்வுகளை, மொத்தம் 7,175 பேரை, 2017இல் ஒரு தொகுப்பாய்வு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இருமலும் தொண்டை வலியும் தணிய இது உதவுவதாகத் தெரிந்தது. பல ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அந்தத் தொகுப்பாய்வே ஒளிக்காமல் சொன்னது.

சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு தனியாக இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்பாடகம் சேர்ந்து ஒன்பது சரக்குகள். சேர்மானம் வெறும் சடங்கன்று என்பதற்கு மஞ்சளிலிருந்து ஒரு சான்று: 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது, குருதியில் கிடைத்த குர்குமின் பல மடங்கு கூடியது. ஆனால் அதே பைப்பரின் நாம் விழுங்கும் வேறு மருந்துகளின் அளவையும் கூட்டக்கூடும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை எடுக்கும் தலைமுறைக்கு, "இயற்கைதானே" என்ற ஆறுதல் போதாது. கருவுற்றிருப்போர் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும்; டெங்கிக் காய்ச்சலில் நீர்ச்சத்தையும் இரத்தத் தட்டணுக்களையும் கண்காணிப்பதற்கு அது மாற்றாகாது.

"பாட்டன் காலத்திலிருந்து குடிக்கிறோம்"

நீண்ட காலப் பழக்கமே சான்று, வேறென்ன வேண்டும் என்று கேட்போர் உண்டு. பழக்கம் ஒரு சான்றுதான்: வழக்கமான அளவில், வழக்கமான பக்குவத்தில், உடனே தெரியும் கேடு இல்லை என்பதற்கு. பத்து மடங்கு செறிவூட்டிய மாத்திரைக்கு அந்தச் சான்றைக் கடன் கொடுக்க முடியாது. பழக்கத்தின் பெயரால் நடக்கும் மோசடியையும் பேச வேண்டும். மூட்டு வலிக்கு ஒரே நாளில் குணம் தரும் 'மூலிகை' மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அவை அழற்சியைத் தணிப்பது உண்மை, தணிப்பது மூலிகையன்று. மாதக்கணக்கில் விழுங்கியவரின் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, உடலின் சொந்தச் சுரப்பு உறங்கிப்போகிறது. அதனால்தான் புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி'யில் முடியும் பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்பது, இலையின் அடியில் காய் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றே ஓர் அடையாளச் சோதனை.

முடிவாக

நம் வட்டாரத்தில், மரபின் கேள்விகளைக் கேட்கும் ஆய்வுக்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு. 2014இல் பினாங்கின் இரண்டாம் பாலம் திறந்த பிறகு பத்து காவானும் அதைச் சுற்றிய பகுதிகளும் வேகமாகத் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவருகின்றன. தோட்ட லயங்கள் போகும்போது கொல்லைப்புறமும் போகிறது. எந்தச் செடியை எப்போது பறிப்பது என்று அறிந்த பாட்டிமாரின் சொல்லும் அதோடு போகிறது.

ஆகவே நான் கேட்பது இன்னொரு டிபிபிஎச் அட்டவணை அன்று. அதைச் செய்யும் மாணவர் முதலில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீட்டுக்குப் போகட்டும். பறித்த செடியை வேரோடும் பூவோடும் தாளில் அழுத்தி உலர்த்தி, தாவரச் சேகரிப்பில் எண்ணிட்டு வைக்கட்டும். வீட்டார் நீரில் கொதிக்கவைத்தால் மெத்தனாலை விட்டு நீரில் கொதிக்கவைத்த சாற்றையே சோதிக்கட்டும். எத்தனை கைப்பிடி, எத்தனை நாள், கூடவே எந்த மாத்திரை என்று தமிழில் கேட்டு எழுதட்டும். அந்தத் தாளின் மூலையில் இனப்பெயருக்குக் கீழே நிலவேம்பு, ஹெம்பெடு பூமி, சுவான் சின் லியான் என்ற மூன்று பெயர்களும், சொன்னவர் காய்ச்சிய அளவும் இருந்தால், பிறகு வரும் எந்த எண்ணுக்கும் நிற்க ஓர் இடம் இருக்கும்.