பசுமைக் கணக்கு

பசுமைக் கணக்கு என்பது, ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் தன் காட்டையும் நீரையும் மண்ணையும் தேய்த்து வளர்கிறதா, தேய்க்காமல் வளர்கிறதா என்பதை அளக்கும் முறைகளின் பொதுப்பெயராகும்.

இதன் தொடக்கம் குறித்து ஒத்த கருத்து இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 1993-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கியல் கையேட்டையே பலர் தொடக்கமாகக் கொள்வர். ஆயினும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடகிழக்கே, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா (1892–1960), எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி போன்ற தேக்கத்தையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஆற்றுநீர், மரம் போன்ற ஓட்டத்தையும் வெகு முன்னரே பிரித்துக் காட்டியிருந்தார். அப்பிரிவினையை அளவை முறை என்பதா, அறநெறி என்பதா என்பது விவாதத்திற்குரியது.

இந்தியாவில் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான வல்லுநர் குழு, பசுமைத் தேசியக் கணக்குக்கான சட்டகத்தை 2013-இல் அளித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அடுத்திருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளிட்ட ஆறு காப்பகங்களை போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனம் மதிப்பிட்டு, 2015-இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையும் இருப்பு, ஓட்டம் என்றே கணக்கைப் பிரித்தது. பெரியாற்றின் ஓட்டப் பயன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,760 கோடி ரூபாய் எனவும், அதில் தமிழக மாவட்டங்களுக்குச் செல்லும் நீரின் பங்கு சுமார் 405 கோடி எனவும் கண்டது. சந்தை விலையே இல்லாத மரபணு வளப் பாதுகாப்புக்கு அதனினும் மிகுதியாக, 786 கோடி அளவில், மதிப்பு இட்டிருப்பதால், இத்தொகைகளைத் துல்லிய விலையாகவன்றி ஒப்பீட்டு அளவாகக் கொள்வதே பொருத்தமாகும்.

பணத்தில் அளக்காத கணக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் உண்டு. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் பெற்ற சாம்பல் நிற அணில், தரையிறங்காமல் கிளைவழியே தாவிச் செல்வதாதலின், பக்கத்து மரங்களின் கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடம் பார்த்தே கூடு கட்டும். ஓர் அணில் பல கூடுகள் கட்டுவதால் கூட்டின் எண்ணிக்கை அணிலின் எண்ணிக்கையாகாது. எனினும் இம்மலையின் செண்பகத்தோப்பு போன்ற இடங்களில் மரத்தலைகள் எதுவரை அறுபடாமல் தொடர்கின்றன என்பதைக் கூடுகளே காட்டிவிடுகின்றன.

இந்தச் சரணாலயத்தையும் வைகையின் பிறப்பிடத்தையும் உட்கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 1,016.57 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2021-இல் அமைந்தது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்தும் நோக்குடைய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டது.