ஓலை, பற்றரி, கைபேசி: மன்னார்க் கரையில் நூலும் இசையும் வழிநடந்த வரலாறு

இலங்கையின் வடமேற்கே தலைமன்னார் வரை நீண்டு, அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியைக் கொண்டிருக்கும் மன்னார்த் தீவு, நெடுங்காலமாகவே வருவோரும் போவோரும் கரையேறும் துறையாக விளங்கி வந்துள்ளது. வணிகர், முத்துக் குளிப்போர், தொழிலாளர், யாத்திரிகர், ஏதிலிகள் எனப் பலரும் தோளில் தாங்கக்கூடிய சுமையோடு இக்கரையைக் கடந்தனர். அச்சுமையில் நூலுக்கும் இசைக்கும் இடம் கிடைத்தது எவ்வாறு, வழியில் அவை எதைச் சார்ந்து உயிர் வாழ்ந்தன என்பவை ஆராயத்தக்கவை.

வழிப்பயணத்துக்கு ஏற்ற பழைய நூல் வடிவம் ஏட்டுச்சுவடி ஆகும். மன்னாரில் செழித்து வளரும் பனையின் ஓலையை வாட்டிப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தைத் தெளிவாக்கி, துளையிட்டுக் கயிற்றில் கோத்து, இரு சட்டங்களுக்கிடையில் கட்டினால், பல நூறு பாடல்கள் அக்குளில் இடுக்கிச் செல்லும் ஒரு கட்டுக்குள் அடங்கிவிடும். அதனைப் படிக்கப் பகல் வெளிச்சமோ ஒரு விளக்கோ போதுமானது. ஆனால் ஈரமும் செல்லும் அதற்குப் பகை என்பதால், தலைமுறைக்கொரு முறை படியெடுக்கும் கையிருந்தால்தான் ஏடு பிழைத்தது. மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்துகள் அவ்வாறே நிலைத்தன. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகளில் ஆடப்படும் அக்கூத்துகளில், பாட்டையும் ஆட்டத்தையும் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரிடம் ஏடும், பின்னர் கையெழுத்துக் கொப்பியும் இருந்தன. அவற்றுள் 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தமையால் அவை அச்சு வடிவம் பெற்றன.

தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தபோது 16 பக்கங்களே கொண்ட சிறுநூலாக இருந்தது. அதனை ஆக்கிய அன்றீக்கே அன்றீக்கசு அடிகள் முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணியாற்றியவர். ஆயினும் எழுத்தறிவு வாய்க்காதவர்க்கு நினைவே நூலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளை நோக்கி நடந்த தோட்டத் தொழிலாளர் பலர் கொள்ளை நோய்க்கும் பசிக்கும் பலியாயினர். உயிர் தப்பியோர் நெஞ்சில் சுமந்து சென்ற மெட்டுகளே மலையக வாய்மொழிப் பாடல்களுக்கு வித்தாயின. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் அதனுடன் இணைந்த புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டபின் அந்நெடுநடைக்குத் தேவை இருக்கவில்லை.

இசையைக் கையில் எடுத்துச் செல்லும் கருவி பொதுமக்களுக்கு எட்டியது திரான்சிஸ்டர் வானொலியால்தான். பெரிய பற்றரிகளை வேண்டிய வெற்றிடக் குழாய்களின் இடத்தை, 1954 முதல் விற்பனைக்கு வந்த வானொலிகளில் திரான்சிஸ்டர் எனும் சிறு குறைகடத்திக் கருவி பிடித்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் கேட்கப்பட்ட காலம் அது.

ஆனால் புதிய கருவி பற்றரியை நம்பியிருந்தது. அந்நம்பிக்கை 1990இல் முறிந்தது. அவ்வாண்டு ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும், வடக்கில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் சேர்ந்தது, மின்சாரமும் நின்றது. அப்போது வடபுலத்து மக்கள் கண்ட வழி சைக்கிள் டைனமோ. நிறுத்தி வைத்த சைக்கிளின் மிதிகட்டையைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழன்று, அதில் உரசும் டைனமோ மின்னைத் தரும். அது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் என்பதால், ஒரு திசையில் மட்டும் மின்னை விடும் இருவாயி வழியாக நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுக்க வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் ஒலியும் தளரும். கசற்றாயின் பாட்டே இழுபடும். ஒருவர் சுற்ற, அயலவர் கூடியிருந்து பிபிசி தமிழோசையின் செய்தியைக் கேட்டனர். ஒரு பாட்டைக் கேட்பதற்கு உடலுழைப்பையே விலையாகக் கொடுத்த அம்மக்களின் வேட்கை, தமிழரின் வாசிப்பு, கேள்வி வரலாற்றில் பொறிக்கத்தக்கது.

அதே 1990இன் ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள், மிகச் சிறிதளவு பொருள்களோடு புத்தளக் கரை சென்றனர். அடுத்தடுத்த இடப்பெயர்வுகளிலும் வீட்டு ஏடுகளும் கொப்பிகளும் நூல்களும் சுமைக்குள் அடங்காது கைவிடப்பட்டன.

போரில் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச் 14இல் மீண்டது. இன்று முதுகுப்பையோடு அதில் வரும் பயணியின் கைபேசியில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மின்வடிவாக்கிய ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் இதழ்களும் இடம்பெறக்கூடும். எனினும் மின்வடிவுக்கு முதலில் ஒரு மூலப்படி வேண்டும். ஏட்டைப் படியெடுத்த கையும் டைனமோவைச் சுற்றிய கையும் செய்த பணியைத் தொடரும் பொறுப்பு இத்தலைமுறைக்கு உண்டு. ஆகவே மன்னார் வீடுகளின் பெட்டகங்களில் எஞ்சியிருக்கும் கூத்துக் கொப்பிகளையும் பாட்டு ஒலிநாடாக்களையும், செல்லும் பூஞ்சணமும் அவற்றைத் தின்று முடிக்குமுன், உரியோர் மின்வடிவாக்கத்துக்குக் கொடுத்து உதவ வேண்டும்.