உரோமை வீரனின் இரும்பு வளையங்கள்

பாஸ்கா நாடகங்களில் உரோமைப் படைவீரர் வெள்ளிப் பூச்சிட்ட தகடுகளைப் பட்டை பட்டையாக மார்பில் கட்டி வருவதைக் காண்கிறோம். மேடைக்கு அது பொருத்தமே. ஆனால், பிலாத்துவின் ஆளுகையில் இருந்தவை துணைப்படைகள். அத்தகைய படையினர் பெரிதும் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை. அதனைக் கவுல் நாட்டாரிடமிருந்து உரோமையர் கற்றனர் என்று வார்ரோ எழுதியிருக்கிறார்.

அக்கவசத்தின் நுட்பமெல்லாம் இரண்டு அளவுகளில் அடங்கும்: வளையத்தின் அகலம், கம்பியின் தடிமன். அகழ்வுகளில் கிடைத்த வளையங்கள் பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளவை. கம்பி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பியின் இரு பக்கத் தடிமனையும் கழித்தால் துளை 4 மில்லிமீட்டரே. அதற்குள் அண்டை வளையங்கள் நான்கு நுழைந்தாக வேண்டும். கம்பி தடித்தால் சட்டை விறைத்துப்போகும். மெலிந்தால் ஈட்டிமுனை வளையத்தைப் பிளந்துவிடும்.

துளை சிறுத்தால் அம்புமுனை நுழையாதே, வளையத்தைப் பாதியாகச் சுருக்கினால் என்ன என்று நாம் கேட்கலாம். அதே கம்பியில் 3 மில்லிமீட்டர் வளையம் செய்தால் எஞ்சும் துளை 1 மில்லிமீட்டர். நான்கு கம்பிகளுக்கு அங்கே இடமேது? ஆகவே கம்பியும் மெலிய வேண்டும். அப்போது எடை பாதியாகும். வளையங்களின் எண்ணிக்கையோ நான்கு மடங்காகும். சாதாரணச் சட்டைக்கு 30,000 வளையங்கள் என்றால் இதற்கு 1,20,000! இத்தகைய நுண்வளையங்களும் கிடைத்துள்ளன; அவை அரியவை என்பதில் வியப்பில்லை.

இவ்வேலையைக் குறைக்கக் கொல்லர் கண்ட வழி நம்மை வியக்கவைக்கிறது. ஒரு வரிசைக்கு இரும்புத் தகட்டிலிருந்து முழு வளையங்களாகவே வெட்டியெடுத்தனர். அடுத்த வரிசைக்கு மட்டும் கம்பியை வளைத்து, முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித் துளையிட்டுத் தறையாணி அடித்தனர். அப்படியும் 15,000 தறையாணிகள்! ஒவ்வொன்றும் ஓர் எறும்பின் தலையளவே இருக்கும். அவற்றை அடித்தவர்களின் கண்கள் எத்தனை ஆண்டுகள் தாங்கினவோ!

இந்த உழைப்புக்கு விலை இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய பொலிபியு, 10,000 திராக்மாவுக்கு மேல் சொத்துடையோரே வளையச் சட்டை அணிந்தனர் என்கிறார். ஏனையோருக்கு மார்பை மறைக்க ஒரு சாண் வெண்கலத் தகடுதான். பின்னர் அரசே படைக்கலங்களை வழங்கியபோதும் அவற்றின் விலை ஊதியத்தில் பிடிக்கப்பட்டது. கி.பி. 14இல் பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்களின் முறையீடுகளுள் இதுவும் ஒன்று எனத் தாசித்து குறித்துள்ளார்.

பட்டைத் தகட்டுக் கவசம் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் மறையத் தொடங்கியது. வளையச் சட்டை நிலைத்தது. அதில் நான்கு வளையங்கள் அறுந்தால், அந்த நான்கை மட்டும் மாற்றினால் போதும்.