தோல் மென்மையாக்கி

தோல் மென்மையாக்கி அல்லது எமோலியன்ட் என்பது உலர்ந்து சொரசொரப்பான தோலின் மீது பூசி, அதனை மிருதுவாக்கப் பயன்படும் பொருளைக் குறிக்கும் சொல்லாகும். வாசலின், திரவ பாரஃபின், ஆட்டு மயிரிலிருந்து பெறப்படும் லனோலின், தாவர எண்ணெய்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. எக்சிமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கான சிகிச்சையில் இவை முக்கிய இடம் பெறுகின்றன.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'மொல்லிஸ்' என்றால் மென்மையானது என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'மொல்லிரே' (மென்மையாக்குதல்) என்னும் வினை, 'எ' என்ற முன்னொட்டைப் பெற்று 'எமொல்லிரே' ஆயிற்று. இவ்வினையின் எச்ச வடிவமே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எமோலியன்ட் என வழங்கலாயிற்று. சினத்தைத் தணிக்கும் இதமான பேச்சையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பதுண்டு. நத்தை, சிப்பி முதலியவற்றின் தொகுதிப் பெயரான மொலஸ்காவும் இதே வேரிலிருந்து வந்ததே. அதற்கு ஈடான 'மெல்லுடலி' என்ற தமிழ்ச் சொல்லிலும் அப்பொருள் மாறாமல் உள்ளது. எமோலியன்ட்டுக்கு 'இளக்கி' என்பதும் பொருந்தும். ஆனால் அது மலமிளக்கியை நினைவூட்டுவதால், இங்கு மென்மையாக்கி என்ற சொல்லே ஆளப்படுகிறது.

செயல்படும் முறை

பெயரைக் கொண்டு, எண்ணெய்ப் பசையே தோலை இளகச் செய்கிறது என்று எண்ணத் தோன்றும். இது முழு உண்மையன்று. தோலின் வெளிப்புற அடுக்கில் இருந்து எடுத்த காய்ந்த துண்டுகளை ஐர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1952இல் சோதித்தார். எண்ணெய் அவற்றை நெகிழச் செய்யவில்லை. நீரை ஏற்றபோதே அவை நெகிழ்ந்தன. எனவே உண்மையான மென்மையாக்கி நீர்தான் எனலாம். எண்ணெய்ப் படலம் அந்நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. உதிரவிருக்கும் உயிரணுக்களின் இடைவெளிகளை நிரப்பி மேற்பரப்பை வழவழப்பாக்கவும் செய்கிறது. குளித்தவுடன், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுமாறு மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே.

கிளிசரின், யூரியா ஆகியவை நீரை ஈர்த்துப் பிடித்து வைப்பவை என்பதால் தனி வகையாகக் கருதப்படுகின்றன. எனினும் கடைகளில் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் இரு வகைகளும் கலந்தே இருக்கும்.

தீ அபாயம்

மென்மையாக்கி ஊறி உலர்ந்த ஆடை, கட்டுத்துணி, படுக்கை விரிப்பு ஆகியன எளிதில் தீப்பற்றும்; தீயும் விரைவாகப் பரவும். துவைத்தாலும் பசை முற்றிலும் நீங்காது. இதனால் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. பாரஃபின் இல்லாத களிம்புகளுக்கும் இவ்வபாயம் பொருந்தும் எனப் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இவற்றைப் பூசிக்கொள்வோர் புகைபிடித்தலையும், அடுப்பு, விளக்கு முதலிய திறந்த சுடர்களின் அருகில் செல்வதையும் தவிர்க்க வேண்டும்.