கிங் பண்ணையில் ஒரு பகற்பொழுது

அமெரிக்காவின் தென் டெக்சாஸ் பகுதியில் சிறுவர் குழுக்கள் பேருந்தேறிச் சென்று காணும் இடங்களுள் ஒன்று கிங் பண்ணை. அதன் பரப்பு ஏறத்தாழ 8,25,000 ஏக்கர். அதாவது, நம் கோவா மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. அத்தனையும் தனியார் நிலம். ஒரு பகற்பொழுதில் அதன் ஓரத்தைத்தான் காண இயலும். செந்நிற மாடுகள், குதிரைகள், மான்கள், நம் சீமைக்கருவேலத்திற்கு உறவான மெஸ்கீட் மரங்கள் ஆகியவற்றைக் கண்டு பிள்ளைகள் களிப்பர். அவர்களுள் ஒருவரேனும், "இவ்வளவும் ஒருவருக்கு எப்படிக் கிடைத்தது?" என்று வினவாமல் இருப்பரோ? அவ்வினாவின் விடையே இந்நிலத்தின் வரலாறு.

ரிச்சர்டு கிங் 1824இல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக ஒரு நகைத் தொழிலாளியிடம் பணிபயில விடப்பட்டு, அங்கிருந்து தப்பிக் கப்பலில் ஒளிந்து தெற்கே சென்றார். பின்னாளில் ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகுத் தலைவரானார். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அந்நிலப்பகுதி மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவிற்கு உறுதியாயிற்று. மெக்சிகர்தம் நிலவுரிமை மதிக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. எனினும் வழக்குச் செலவும் வாரிசுப் பிரிவினையும் குறைந்த விலையும் சேர்ந்து நிலங்களைக் கைமாறச் செய்தன. 1853இல் கிங், மெந்தியோலா குடும்ப வாரிசுகளிடமிருந்து 15,500 ஏக்கரை 300 டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு இரண்டு சென்டும் ஆகவில்லை. அதற்கும் முன்பு அம்மண்ணில் உலவிய பூர்வகுடியினரின் பெயர் எந்த விலைப்பத்திரத்திலும் இல்லை.

1854இல் மெக்சிகோவின் குருயாஸ் என்னும் சிற்றூர் வறட்சியில் வாடியது. அவ்வூர் மாடுகளை விலைக்கு வாங்கிய கிங், பிழைக்கும் வழியற்ற ஊராரையும் உறைவிடமும் ஊதியமும் தருவதாகக் கூறி அழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் உடன் நடந்தனர். 'கிங்கின் மக்கள்' எனும் பொருள்படக் 'கினேன்யோ' என்று பெயர் பெற்ற அவர்களே, தலைமுறை தலைமுறையாக மாட்டையும் குதிரையையும் பேணிப் பண்ணையை வளர்த்தனர். அது அடைக்கலமா, அடிமைப்பாடா? இரண்டும் கலந்த ஒன்று எனலே நேர்மை.

1915 ஆகஸ்டில் பண்ணையின் நோரியாஸ் பிரிவு ஆயுதக் குழுவொன்றால் தாக்கப்பட்டது. அவ்வாண்டின் கலவரங்களை அடக்குவதாகக் கூறி, காவற்படையினரும் பிறரும் தென் டெக்சாஸில் நூற்றுக்கணக்கான மெக்சிக வம்சாவளியினரைக் கொன்றனர். இதனைச் சிறுவருக்கு எவ்வாறு சொல்வது என்பது எளிய வினா அன்று.

பிள்ளைகள் வியக்கும் அச்செந்நிற மாட்டிற்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. 'சாந்தா கெர்ட்ரூடிஸ்' எனப்படும் அவ்வினம் 1940இல் தனி மாட்டினமாக ஏற்கப்பெற்றது. அதில் எட்டில் ஐந்து பங்கு ஆங்கிலேய ஷார்ட்ஹார்ன். எஞ்சிய மூன்று பங்கு பிராமன். பிராமன் இனமோ, மேலைநாட்டார் 'நெல்லூர்' என்றழைத்த ஓங்கோல் முதலிய இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்தது. டெக்சாஸின் வெயிலைத் தாங்கும் வலிமையை நம் மாடுகளே அதற்கு ஈந்தன.

மாட்டின் மரபைப் பங்கு பிரித்து எழுதிவைக்கும் மனிதர், நிலத்தின் மரபை அவ்வாறு எழுதிவைப்பதில்லை. மாணவரை உலா அழைத்துச் செல்லும் ஆசிரியராகிய நாம், கண்ட காட்சியோடு அந்த வினாவையும் அவர்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்ல விடவேண்டும். விடை வளர்ந்தபின் வரட்டும்.