பரங்கிமலை தோமா முதல் ஜீன்ஸ் போட்ட கார்லோ வரை... நம்ம லைஃபுக்கு இந்தப் புனிதர்கள் என்ன சொல்றாங்க?

ஈ.சி.ஆரில் கோவளம் பக்கம் பைக்கைத் திருப்பினால் ஒரு பழைய மாதா கோயில். திருச்சி நெடுஞ்சாலையில் போனால் அச்சிறுப்பாக்கத்தில் குன்றின்மேல் மழைமலை மாதா. ரயிலில் பரங்கிமலை வந்து இறங்கினால் மலை உச்சியில் ஒரு தேவாலயம். இந்த மூணும் 2002-ல் உருவான செங்கல்பட்டு கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பலமுறை இந்த வழியா போயிருப்பீங்க. உள்ளே இருக்கிற புனிதர்களோட கதை தெரியுமா? நீங்க எந்த மதமா இருந்தாலும், இதில் உங்க வாழ்க்கைக்கான மேட்டர் நிறையவே இருக்கு.

முதல்ல, புனிதர்னா யாரு?

கத்தோலிக்கர்கள் புனிதர்களைக் கடவுளாகக் கும்பிடுவதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம். 'எங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுங்க' என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் ஒரே நாளில் புனிதர் ஆகிவிட முடியாது. பொதுவாக, இறந்து 5 வருஷம் கழித்துத்தான் விசாரணையே ஆரம்பிக்கும். இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என நான்கு படிகள். அருளாளர் ஆக ஒரு அற்புதம், புனிதர் ஆக இன்னொன்று நிரூபிக்கப்பட வேண்டும். விசுவாசத்துக்காக உயிரை விட்டவர் என்றால், அருளாளர் ஆக அற்புதம் தேவையில்லை.

தோமா: கேள்வி கேட்டா தப்பில்ல

இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நண்பர்கள் சொன்னபோது, 'காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்' என்று நின்றவர் தோமா. இயேசு அவரை விரட்டவில்லை. காயத்தைக் காட்டினார். அந்தத் தோமா கி.பி. 72-ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. 1523-ல் போர்ச்சுக்கீசியர்கள் அங்கே ஆலயம் கட்டினார்கள்.

ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டை யோசிக்காமல் அடுத்த குரூப்புக்குத் தள்ளும் முன் தோமாவை நினைச்சுக்கோங்க. ஆதாரம் கேட்பது அவமரியாதை இல்லை. ஆனால், ஆதாரம் கிடைத்த பிறகு தோமா அடம்பிடிக்கவில்லை, மாறினார். நம்மில் பலர் கோட்டை விடுவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

சூசையப்பர்: சத்தமில்லாத உழைப்பு

செங்கல்பட்டு பேராலயம் சூசையப்பர் பெயரில் இருக்கிறது. இயேசுவை வளர்த்த தந்தை, தச்சர். நான்கு நற்செய்தி நூல்களில் தேடினாலும் அவர் பேசியதாக ஒரு வசனம்கூட இல்லை. செய்த வேலைதான் அவரோட பேச்சு. 1955-ல் போப் 12-ம் பயஸ், உழைப்பாளர் தினமான மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பருக்கும் விழாவாக்கினார். மறைமலை நகரில் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற தம்பிக்கும், வீட்டில் யாரும் கவனிக்காமல் உழைக்கிற அம்மாவுக்கும் பொருத்தமான புனிதர்.

கோவளம்: கடல்காரங்களோட தாய்

கோவளம் ஆலயம் கார்மேல் அன்னைக்கு உரியது. மரியாவுக்குக் 'கடலின் விண்மீன்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில் வழி காட்டியது நட்சத்திரம்தானே! இதே ஊரில் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கு, இந்துக் கோயில்களும் இருக்கு. அடுத்தவர் நம்பிக்கையை மதிப்பதைப் பாடமாக நடத்தாமல், ஒரே ஊராக வாழ்ந்து காட்டுகிற இடம்.

தேவசகாயம்: பெயருக்குப் பின்னால் இருந்தது

1712-ல் கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். எல்லா சாதியினரோடும் சமமாகப் பழகினார். கைது செய்யப்பட்டு, எருமைமேல் உட்கார வைத்து ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பொதுநிலையினரில் இந்தியாவின் முதல் புனிதர் இவர்தான்.

அதற்கு முன்பே ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை நீக்கச் சொல்லிக் கோரிக்கை எழ, வத்திக்கான் அதை நீக்கியது. பெயரில் நீக்கியாச்சு. ஊரில்? தமிழ்நாட்டில் சில இடங்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிச் சுவர் உண்டு. கிறிஸ்தவ வரன் விளம்பரத்திலும் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கு. சிலைக்கு மாலை போடுவது சுலபம். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதுதான் தேவசகாயத்துக்குச் செய்யும் மரியாதை.

கார்லோ: மொபைல் தலைமுறையின் புனிதர்

1991-ல் லண்டனில் பிறந்த இத்தாலியப் பையன் கார்லோ அகுதிஸ். கம்ப்யூட்டர் பைத்தியம். உலகம் முழுக்க நடந்த நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் உருவாக்கினான். ரத்தப் புற்றுநோயால் 2006-ல், 15 வயதில் இறந்தான். அசிசி நகரில் ஜீன்ஸ், ஸ்னீக்கர்ஸோடு கண்ணாடிக் கல்லறையில் அவன் உடல் இருக்கிறது. 2025 செப்டம்பர் 7-ல் போப் 14-ம் லியோ புனிதராக அறிவித்தார்.

வீடியோ கேம் அவனுக்கும் பிடிக்கும். ஆனால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு போட்டுக்கொண்டான் என்கிறார்கள். மொபைலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதுக்கு நாம முதலாளியா, வேலைக்காரனா என்பதுதான் கேள்வி. உங்க ஸ்க்ரீன் டைமை இப்பவே ஒரு தடவை பார்த்துடுங்க!

காலண்டரில் குறிச்சுக்கோங்க

தேவசகாயம் – ஜனவரி 14
சூசையப்பர் – மார்ச் 19, மே 1
தோமா – ஜூலை 3
கார்மேல் அன்னை – ஜூலை 16
கார்லோ – அக்டோபர் 12

நேரில் போறவங்க மொபைலை சைலன்ட்டில் போட்டுட்டுப் போங்க. பூசை நடக்கும்போது செல்ஃபி வேண்டாம். ஞாயிறு காலையில் கூட்டம் அதிகம்; அமைதி வேணும்னா வார நாள் பெஸ்ட்.